மணலில் ஊற்றிய முதல் கோப்பை

“வாப்பா, மாமா வந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க வந்தா மட்டும் ஏன் எல்லாரும் காலை மடக்கிக்கிட்டு உக்கார்றாங்க?”

ஆறு வயது திலீலா இதைக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். குஸ்குஸ் தட்டைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. மாமன் ஸைதுக்குச் சிரிப்பில் புரையேறி, வாயிலிருந்த பூசணித் துண்டு பாயில் விழுந்தது.

“அது மரியாதைம்மா,” என்றான் ஹம்மு.

“மரியாதைன்னா சிரிக்கக் கூடாதா?”

“பேசாம சாப்பிடு,” என்று ஹம்முவின் மனைவி இத்தோ மகளின் பக்கம் ஒரு காரட் துண்டைத் தள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹம்முவும் சிரித்து வைத்தான். குழந்தைப் பேச்சு, அங்கேயே முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

பேரீச்ச முள் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று பாலைவன ஓரத்து மெர்சூகா பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிடும். மேலே தோல் மூடிவிடும். ஒன்றுமில்லை என்று நடப்போம். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு கல்லில் கால் வைக்கும்போது உயிர் போகும். ஹம்முவுக்கு அந்தக் கேள்வி அப்படித்தான் உள்ளே நின்றது.

ஸைது இத்தோவின் தம்பி. ஏழு வருடம் அகாதிரில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தவன். ஹோட்டல் கைமாறியபோது வேலை போய், ஒரு துணிப்பையும் ஐந்து மொழிகளுமாக ஊர் திரும்பினான். அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போய் முகாம் முதலாளி ஹாஜி லஹ்சன் முன்னால் நிறுத்தியவனே ஹம்முதான். “என் மச்சினன். நம்பி வெச்சுக்கலாம்,” என்று சொன்னதும் அவன் வாய்தான். ஆறு மாதமாக அந்த வாயையே கடித்துக்கொண்டு திரிந்தான்.

ஹாஜியாரின் முகாம் பெரிய மணல்மேட்டின் அடியில் இருந்தது. பன்னிரண்டு கூடாரங்கள், முப்பது ஒட்டகங்கள். சாயங்காலம் வரும் விருந்தாளிகளை ஒட்டகத்தில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய், சூரியன் இறங்குவதைக் காட்டி, பலகையில் சறுக்கவிட்டு, முகாமுக்குக் கூட்டிவந்து தேநீரும் சாப்பாடும் கொடுத்து, மேளம் தட்டிச் சந்தோஷப்படுத்துவது அங்கே தொழில். ஒன்பது வருடமாக அந்த முகாமின் தேநீர்த் தட்டு ஹம்முவுடையது. ஒட்டகம் யாரும் ஓட்டலாம், இறைச்சி யாரும் வேகவைக்கலாம். தேநீர்த் தட்டை யார் முன்னால் வைக்கிறார்களோ அவன்தான் அந்த இடத்தின் பெரிய மனிதன். அதனால்தான் ஹம்மு உள்ளே வந்தால் ஆட்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். அதில் அவனுக்குப் பெருமை இருந்தது, ஸைது வரும்வரை.

ஸைது வந்த பிறகு விருந்தாளிகள் ஹம்முவின் தேநீரைக் குடித்துக்கொண்டே ஸைதைப் பார்த்தார்கள். அவன் தலைப்பாகையை அவிழ்த்துப் பெண்பிள்ளைபோல் முக்காடு போட்டுக் காட்டினான். ஒட்டகத்தோடு வாக்குவாதம் செய்தான். ஒட்டகம் சொன்ன பதிலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தான். “உங்களுக்கு எடை கூடிடுச்சாம், தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்லுது,” என்பான். வண்டி வண்டியாகச் சிரிப்பு.

ஒருமுறை ஸைது இல்லாத நாளில், ஹம்மு அதே வேடிக்கையை ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தான். அந்த மனிதர் முகம் சிறுத்து, தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, “மன்னிக்கணும். நான் நடந்தே வர்றேன்,” என்று இறங்கிவிட்டார். மேடு முழுக்க அவர் மூச்சு வாங்க நடந்ததை ஹம்மு யாரிடமும் சொல்லவில்லை.

பொறாமைக்காரனுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பார்கள். அடுத்தவன் தட்டில் எத்தனை பேரீச்சை இருக்கிறது என்பது தெரியும். தன் தட்டில் இருப்பதுதான் தெரியாது. ஸைது எத்தனை மணிக்கு எழுகிறான், யார் அவனுக்குப் புது செருப்பு கொடுத்தார்கள், யார் அவன் பெயரை நினைவு வைத்து அடுத்த வருடம் வருவதாகச் சொன்னார்கள் என்று எல்லாம் ஹம்முவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வருடத்தில் தன் பெயரை நினைவு வைத்தவர் யாராவது உண்டா என்று யோசித்துப் பார்த்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் நினைவுக்கு வந்தாள். அவளும் அவனை “ஹமீத்” என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த நிலையில்தான் ஹாஜியார் புது முகாம் விஷயத்தை வெளியிட்டார். மேட்டுக்குக் கிழக்கே, கிணற்றங்கரையில், இன்னொரு முகாம் போடுகிறார். கூடாரங்கள் தைத்தாயிற்று. நாளைக் காலை முதல் ஒட்டக வரிசை அங்கே போகிறது. போகிற வரிசைக்கு யார் தலைவனோ அவனே அந்த முகாமுக்குத் தலைவன்.

“இன்னிக்கு பிரான்ஸ்ல லியோன்லேர்ந்து எட்டுப் பேர் வர்றாங்க,” என்றார், முகாம் வாசலில் நின்றபடி. “நமக்கு ஆள் அனுப்புற கம்பெனிக்காரங்களே வர்றாங்க. இவங்க போய்ச் சொல்றதுலதான் அடுத்த வருஷம் ஆள் வரும். நானும் சாயங்காலம் வந்து உக்காருவேன். ஹம்முவும் இருக்கான், ஸைதும் இருக்கான். பாத்துட்டுச் சொல்றேன்.”

“எங்க மச்சான் இருக்கும்போது என்னை எதுக்கு ஹாஜியார் பாக்கணும்?” என்றான் ஸைது. “என்னைப் பாத்தா ஒட்டகமே திரும்பிக்குது.”

ஹாஜியார் சிரித்தார். ஹம்முவுக்கு அது பணிவாகப் படவில்லை. பணிவையும் ஒரு வித்தையாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் காற்று இல்லை. எட்டு ஒட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறின. முன்னால் கயிற்றைப் பிடித்து ஹம்மு நடந்தான். கடைசியில் ஸைது. முன்னால் நடப்பவன் தலைவன் என்பது சரிதான், ஆனால் சிரிப்பு முழுக்கப் பின்னாலிருந்து வந்தது. ஹம்மு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே ஒவ்வொரு சிரிப்பும் யாருடையது என்று பிரித்துக் கேட்டான்.

உச்சிக்கு வந்ததும் ஒட்டகங்களை மடக்கி உட்காரவைத்தார்கள். கீழே வேறு முகாம்காரர்களின் நாலு சக்கர குவாட் பைக்குகள் இரண்டு தேனீபோல் இரைந்துகொண்டு போயின. சூரியன் அல்ஜீரியா பக்கம் முதுகைக் காட்டி, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் அமைதியானார்கள். இந்த இடம் ஹம்முவுக்குப் பிடிக்கும். இங்கே யாரும் யாரையும் சிரிக்கவைக்க வேண்டியதில்லை.

“இவ்வளவு நேரம் சும்மா உக்காந்தா சூரியனுக்கே கூச்சமா இருக்கும்,” என்று ஸைது பலகையைத் தூக்கினான். வெறுங்காலோடு அதன் மேல் ஏறி, முகத்தை விருந்தாளிகள் பக்கம் வைத்துக்கொண்டு, பின்புறமாகவே சறுக்கி இறங்கினான். பாதியில் வேண்டுமென்றே விழுந்து நான்கு குட்டிக்கரணம் போட்டான். எட்டுப் பேரும் கைதட்டினார்கள். அப்புறம் ஆளாளுக்குப் பலகை கேட்டார்கள்.

எழுபது வயதான ஒரு அம்மாள் மட்டும் தயங்கினாள். ஸைது அவளைப் பலகையில் உட்காரவைத்து, தான் முன்னால் பின்னோக்கி நடந்து, இரண்டு கைகளையும் பிடித்தபடி, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் அடி அடியாகக் கீழே கொண்டுபோனான். கீழே போனதும் அந்த அம்மாள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மேலே நின்ற ஹம்மு அதைப் பார்த்தான். நல்ல காரியம் ஒன்றைப் பார்த்து வயிறு எரிவது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கும் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது.

மஃரிபு தொழுகை நேரம் வந்தது. விருந்தாளிகளைக் கூடாரங்களுக்கு அனுப்பிவிட்டு, ஆட்கள் எல்லோரும் மணலில் வரிசை கட்டினார்கள். ஹாஜியார் முன்னால் நின்றார். தோளோடு தோள் ஒட்டி நிற்பது வழக்கம். ஸைது பக்கத்தில் வந்து நின்றதும் ஹம்மு ஒரு விரற்கடை நகர்ந்தான். ஸைது அந்த இடைவெளியைக் கவனித்தானோ இல்லையோ, தானும் நகர்ந்து வந்து தோளை ஒட்டிக்கொண்டான். ஹம்முவின் நெற்றி மணலைத் தொட்டது. மனம் எதையும் தொடவில்லை.

தொழுது எழுந்ததும் பெரிய கூடாரத்தில் தட்டு வைத்தார்கள். கம்பளத்தில் எட்டு விருந்தாளிகள், அவர்கள் நடுவில் ஹாஜியார். எதிரே தணல் அடுப்பும் வெள்ளித் தட்டும் பித்தளைக் கெண்டியும் வைத்துக்கொண்டு ஹம்மு. அவனுக்கு உயிர் வந்தது. இது அவன் மண். இங்கே குட்டிக்கரணம் செல்லாது.

தேயிலையைக் கெண்டியில் போட்டான். கொதிக்கும் நீர் கொஞ்சமே விட்டு, சற்று நேரம் விட்டு, மெல்லச் சாய்த்து, ஒரு கோப்பையில் வடித்தான். பொன் நிறத்தில் தெளிந்து இறங்கியது. இதற்கு அந்தப் பக்கத்தில் உயிர் என்று பெயர். இலையின் வாசனையெல்லாம் அந்த ஒரு கோப்பையில் வந்துவிடும். அதைப் பத்திரமாக எடுத்துவைப்பார்கள். பிறகு இன்னொரு முறை நீர் விட்டு, கெண்டியைச் சுழற்றி, இலையைக் கழுவி வடிப்பார்கள். அது கலங்கலாக, கசப்பாக வரும். அதை மணலில் ஊற்றிவிட்டு, எடுத்துவைத்த உயிரைத் திரும்பக் கெண்டிக்குள் விட வேண்டும். அப்புறம்தான் புதினாவும் சர்க்கரைக் கட்டியும். கல்யாணம் ஆன புதிதில் புதுப்பெண்ணுக்கு மாமியார் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான்: எந்தக் கோப்பை எது என்று மறந்துவிடாதே.

இரண்டாவது கோப்பையையும் வடித்து, முதல் கோப்பையின் பக்கத்திலேயே வைத்தான் ஹம்மு. அந்த நேரம் பார்த்து எதிரே பெரிய சிரிப்பு. ஸைது ஏதோ சொல்லியிருக்கிறான். ஹாஜியார் தாடி குலுங்கச் சிரித்துவிட்டு, கையை நீட்டி ஸைதின் தோளில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

ஒன்பது வருடம். அந்தக் கை ஒருநாள்கூடத் தன் தோளில் விழுந்ததில்லை என்பது ஹம்முவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கிழக்கு முகாம், ஒட்டக வரிசை, தலைமை எல்லாம் அந்தத் தோளுக்குப் போய்விட்டது என்று நினைத்தான். நினைத்தபடியே பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்தான். கம்பளத்துக்கு வெளியே மணலில் ஊற்றினான். மற்றதைக் கெண்டியில் விட்டான்.

ஸைது பேச்சை நிறுத்தி அவன் கையைப் பார்த்தான். என்ன பார்வை இது, இங்கேயும் வந்து கேலியா என்று ஹம்முவுக்கு எரிச்சல் வந்தது. புதினாவைத் திணித்தான். சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் தட்டிப் போட்டான். தட்டிய தட்டில் துண்டு ஒன்று தெறித்து ஓடியது.

தேநீர் கொதித்தது. கெண்டியை உயரத் தூக்கி, தனக்கென்று அரைக் கோப்பை ஊற்றி, வாயில் வைத்தான். தேநீர் போடுகிறவன் முதலில் ருசி பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும்.

நாக்கில் பட்டதுமே புரிந்துவிட்டது. கழுவிய தண்ணீர். கசப்பும் கலங்கலும் மண்வாசனையும். உயிர் மணலில் கிடக்கிறது.

அவன் முகம் ஒரு கணம்தான் மாறியிருக்கும். அதற்குள் ஹாஜியார் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த மேட்டைச் சுத்தி நாப்பது முகாம் இருக்கு. எங்க ஹம்மு போடுற டீ மாதிரி ஒரு இடத்துலயும் கிடைக்காது. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்.” பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். “ஊத்து ஹம்மு. வாய் காயுது.”

சரியில்லை, வேறு போடுகிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். உயிரைக் கொட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். புதுப்பெண்கூடச் செய்யாத தப்பை, இத்தனை பேர் நடுவில், ஸைதின் எதிரில், தன் வாயால் சொல்ல வேண்டும். ஹம்முவின் கை கெண்டியோடு மேலே போனது. முதல் கோப்பை ஹாஜியாருடையது.

“இருங்க, இருங்க, எங்க மச்சான் ஊத்தும்போது நான் எழுந்து நின்னு சலாம் வைக்கணும், அதான் முறை,” என்று ஸைது துள்ளி எழுந்தான். ஒரு சுற்று சுற்றினான். கால் தட்டின் விளிம்பில் பட்டது. தட்டு எழும்பி, கோப்பைகள் உருண்டு, கெண்டி ஹம்முவின் கையிலிருந்து நழுவி ஸைதின் பாதத்தில் சாய்ந்தது. கொதிக்கிற தேநீர் முழுக்கக் கம்பளத்தில் ஓடியது.

விருந்தாளிகள் பதறி எழுந்தார்கள். ஸைது ஒற்றைக் காலில் நொண்டியடித்து, “சர்க்கரை சரியா இருக்கு, கால் சொல்லுது,” என்றான். அவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

“குரங்குக்குக் கம்பளம் விரிச்சது என் தப்பு,” என்றார் அவர்களுக்குப் புரியாத பாஷையில், பல்லுக்குள். “போ. முன்னால நிக்காதே. போய் ஒட்டகத்தைப் பாரு.”

“சரிங்க ஹாஜியார்,” என்று ஸைது தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

ஹம்மு புதிதாகத் தேயிலை போட்டான். இந்த முறை முதல் கோப்பையை வடித்ததும் தன் முழங்காலுக்கு அருகே தனியாக வைத்துக்கொண்டான். விருந்தாளிகள் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்கள். ஹாஜியார் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, “இதான்,” என்றார்.

சாப்பாடு வந்தது. ஹரீரா சூப்பும், மணலுக்குள் தணலில் புதைத்துச் சுட்ட இறைச்சி ரொட்டியும், மூடியைத் திறந்ததும் குங்குமப்பூவும் உலர்ந்த பிளம்ஸும் மணத்த, கூம்பு மூடி மண்சட்டியில் வெந்த ஆட்டுக்கறித் தஜீனும். எல்லோரும் கையலம்பி ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்ததும் ஹம்மு சமையல் கூடாரத்துக்குப் போனான்.

ஸைது ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். பாதத்தின் மேல் தோல் சிவந்து கொப்பளம் கட்டியிருந்தது.

“காட்டு,” என்றான் ஹம்மு.

“ஒண்ணுமில்ல மச்சான். அக்கா கிட்ட மட்டும் சொல்லாதீங்க. கண்ணீர் விட்டே இன்னும் ரெண்டு கொப்பளம் போட வெச்சிடுவா.”

ஹம்மு குளிர்ந்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து மெல்ல ஊற்றினான். பிறகு தேன் ஜாடியைத் தேடி எடுத்து விரலால் தடவினான். ஸைது பல்லைக் கடித்துக்கொண்டு கூடாரத்தின் மேற்கூரையைப் பார்த்தான்.

“ஏன்டா தட்டை உதைச்சே?”

“கால் தடுக்கிடுச்சு.”

“பின்பக்கமாவே சறுக்கி மேட்டையே இறங்கினவனுக்கு ஒரு தட்டு தடுக்குதா?”

“மேடு பெருசு மச்சான், கண்ணுக்குத் தெரியுது. தட்டு சின்னது.”

“நான் எந்தக் கோப்பையை ஊத்தினேன்னு நீ பாத்தே.”

ஸைது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் எந்தக் கோப்பையைக் கண்டேன்? நான்தான் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பேனே. தேனை வேஸ்ட் பண்ணாதீங்க, சமையக்காரர் என்னைத்தான் திட்டுவார்.”

கொடுத்தவன் கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டால் நன்றி சொல்லித் தீர்க்கலாம். கொடுக்கவே இல்லை என்று சாதிப்பவனிடம் எதைச் சொல்வது? ஹம்மு துணியைக் கிழித்துப் பாதத்தைக் கட்டினான். ஆறு மாதத்தில் மச்சினனை அவன் இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இப்போதுதான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேலை போய் ஊர் திரும்பி, எந்நேரமும் சிரிக்கவைக்கவில்லையென்றால் தன்னை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து ஓடுகிறவனின் களைப்பு அது. ஹம்மு அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஸைதின் தட்டிலிருந்த பேரீச்சைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது ஹாஜியார் கூடார மறைவில் நின்று கையசைத்தார். வேறு யாரும் இல்லை.

“முடிவு பண்ணிட்டேன்,” என்றார். “கால் எங்க போகுதுன்னு தெரியாதவன் ஒட்டக வரிசையை எங்க கொண்டுபோவான்? நீதான். எங்க வாப்பா காலத்து வழக்கம் உனக்குத் தெரியும். விடியறதுக்குள்ள உன் விரிப்பை மெல்லால் மேல போட்டுடு. காலைல அது முன்னால நடக்கட்டும்.”

மெல்லால் என்பது முகாமின் வெள்ளை ஒட்டகம். குளிர்காலத்தில் ராத்திரிக்கு ஒட்டகங்களின் முதுகில் விரிப்பு போடுவார்கள். விடியும்போது வரிசையின் முதல் ஒட்டகத்தின் மேல் யாருடைய விரிப்பு கிடக்கிறதோ அவன்தான் அந்தப் பயணத்துக்குத் தலைவன். போட்டதை எடுப்பது ஆகாது. ஹாஜியாரே ஆனாலும் எடுக்க மாட்டார்.

“ஹாஜியார், அந்த முதல் கெண்டி டீ...”

“அது போகட்டும் விடு. ரெண்டாவது அருமை.” ஹாஜியார் கையை நீட்டினார். ஹம்முவின் தோளில் வைத்தார். “நீ அனாவசியமா வாயைத் திறக்காதவன். உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான்.”

அவர் போய்விட்டார். தோள் கனத்தது. ஒன்பது வருடம் எதிர்பார்த்த கை, ஸைதின் வெந்த காலை மிதித்துக்கொண்டு வந்து விழுந்ததுபோல் இருந்தது.

கூடார வட்டத்தின் நடுவில் தீ மூட்டியிருந்தார்கள். மேளங்கள் ஆரம்பித்தன. விருந்தாளிகள், சமையல்காரர், ஹாஜியார் எல்லோரும் அங்கே. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஸைதும் போய் உட்கார்ந்து மேளம் ஒன்றை மடியில் வாங்கிக்கொண்டான். ஒட்டகப் பக்கம் போகச் சொன்னவரே இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஹம்மு தன் விரிப்பை எடுத்துக்கொண்டு ஒட்டக வரிசைக்கு நடந்தான். கருப்பும் சிவப்பும் பட்டை போட்ட விரிப்பு, இத்தோ நெய்தது. மெல்லால் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது. அதன் முதுகில் விரிப்பை வீசி, வயிற்றுக்கு அடியில் கயிற்றை இழுத்து, இரண்டு முடிச்சும் போட்டுவிட்டான். கேட்டது கிடைத்துவிட்டது. கொஞ்சம் விலகி நின்று பார்த்தான். அழகாகத்தான் இருந்தது.

காலையில் இதைப் பார்த்து முதலில் கைதட்டப்போவது ஸைதுதான் என்று தோன்றியது. நொண்டிக்கொண்டே வந்து, எங்க மச்சான்தான் சுல்தான் என்று ஊரைக் கூட்டுவான். அதில் ஒரு துளி நடிப்பு இருக்காது. அதை நினைத்தபோதுதான் ஹம்முவால் அங்கே நிற்க முடியவில்லை.

ஹாஜியாரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் தன் மனம் லேசாகும். ஆனால் அவன் மூடியதை இவன் திறந்து தெருவில் வைத்ததாகும். காலைச் சுட்டுக்கொண்டு ஒருவன் போட்ட முக்காட்டை, தன் நிம்மதிக்காக இழுத்துவிடுவது நன்றியில்லை. மனிதர் பார்க்கச் செய்த தப்புக்கு மனிதர் முன் பரிகாரம் உண்டு. இது ஒருவன் மட்டும் பார்த்து, பார்க்கவில்லை என்று சொன்ன தப்பு. இதற்குப் பரிகாரமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவன் முடிச்சுகளை அவிழ்த்தான். விரிப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இன்னும் விடியவில்லை, இன்னும் யாரும் பார்க்கவில்லை, அதனால் வழக்கம் கெடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சேணங்கள் அடுக்கியிருந்த இடத்தில் தேடி ஸைதின் விரிப்பை எடுத்தான். நீல நிறம், ஒரு மூலை கிழிந்து வெள்ளை நூலால் தைத்திருந்தது. அதை மெல்லாலின் முதுகில் விரித்து நாலு பக்கமும் நீவினான். கயிற்றை இழுத்துக் கட்டி, வயிற்றை இறுக்கவில்லையே என்று இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். பிஸ்மி சொல்லி முடிச்சுப் போட்டான்.

நாளை ஹாஜியார் அவனை ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். வாயைத் திறக்காதவன் என்று அவரே சொல்லியாயிற்று. ஸைது, ஹாஜியார் மனமிரங்கிப் போட்டார் என்று நினைத்துக்கொள்வான். நினைத்து, இனிமேலாவது ஓடாமல் நடப்பான்.

ஆனால் ஒன்று இருந்தது. காலையில் ஒட்டகங்களிடம் முதலில் வருகிறவன் ஸைது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முகம் வேண்டாம், மணலில் செருப்புத் தடம் போதும், வந்தது யார் என்று சொல்லிவிடுவார்கள். ஹம்மு கீழே கிடந்த பேரீச்ச மட்டை ஒன்றை எடுத்தான். குனிந்து, தன் தடங்களைப் பெருக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். தீயின் பக்கம் மேளம் உச்சத்தில் இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

அவன் கூடார வாசலை எட்டியபோது, வெள்ளை ஒட்டகத்துக்கும் அவனுக்கும் நடுவில் மணல் யாருமே நடக்காததுபோல் கிடந்தது.